வலி தொடங்கிய மணி

பதுளையில் கணைய அழற்சியோடு வார்ட்டில் படுத்திருப்பவரின் சொந்தக்காரர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது அமைலேஸ் எண்ணைத்தான். "ரெண்டாயிரத்துக்கு மேல போயிருச்சாம்" என்று ஒருவர் கண்கலங்குவார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர், "எங்க அண்ணனுக்கு அறுநூறுதானாம், ஆண்டவன் காப்பாத்திட்டான்" என்று பெருமூச்சு விடுவார். அந்த எண்களை எழுதி அனுப்பியவருக்கு இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மனம் கனத்துப் போகும். இரண்டாயிரம் காட்டியவர் ஐந்தாம் நாள் சோறு சாப்பிட்டு வீட்டுக்குப் போவதையும், அறுநூறு காட்டியவரை மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவதையும் அவர் பலமுறை பார்த்திருக்கிறார்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயமொன்றில் பிறந்தவர் அவர். நமுனுகுல மலைச்சரிவில் கொழுந்து பறித்த தாயின் மகன். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகப் பயிற்சி பெற்று, 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஊவாவின் சிறிய, பெரிய ஆஸ்பத்திரிகளில் இரத்தம் பார்த்தே தலை நரைத்தவர். தோட்டத்துச் சனங்களுக்கு அவர் "ரத்தம் பாக்குற ஐயா".

இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறது கணையம். இலங்கைப் பாடப்புத்தகங்களில் அதற்குச் சதையி என்று பெயர். தான் சுரக்கும் செரிமான நொதிகளாலேயே அது தன்னைச் சிதைத்துக்கொள்ளும் நோய் இது. நொதிகள் இரத்தத்தில் கசியும்போது அமைலேஸும் லைபேஸும் ஏறும். மேல்வயிற்று வலியும் பொருந்தி, எண்ணும் இயல்பின் மேல் எல்லையைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால் நோய் இதுதான் என்று வைத்தியர்கள் முடிவுக்கு வருவார்கள். அத்தோடு அந்த எண்ணின் வேலை முடிந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நோய் சில நாட்களில் தணிந்துவிடும். மிச்சம் இருவருக்குச் சிறுநீரகம், நுரையீரல், இரத்த ஓட்டம் என்று ஒவ்வொன்றாகத் தளரக்கூடும். அந்த இருவர் யார் என்று அமைலேஸ் சொல்லாது. அவருடைய உத்தியோக காலத்தில் பெரும்பகுதி அந்த இருவரைத் தேடியதிலேயே போனது.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது சிறிய ஆய்வுகூடங்களில் லைபேஸ் என்ற பேச்சே இல்லை. அமைலேஸும் கைவேலைதான். காரவே என்பவர் 1959இல் எழுதிய முறையைப் பின்பற்றினார்கள். மாச்சத்துக் கரைசலில் சீரத்தை விட்டு, 37 பாகை வெப்பத்தில் ஏழரை நிமிடம் வைத்து, பிறகு அயடீன் சேர்க்க வேண்டும். மாச்சத்து அப்படியே இருந்தால் கடும் நீலம் வரும். அமைலேஸ் அதைத் தின்றிருந்தால் நீலம் வெளிறும். எவ்வளவு வெளிறியது என்பதுதான் கணக்கு. எச்சிலிலும் அமைலேஸ் உண்டு. அந்தக் காலத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சித்தான் அளந்தார்கள். மேல்முனையில் பஞ்சு அடைக்காமல் அமைலேஸ் செய்யக்கூடாது என்பது மூத்தவர் ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதே காரணத்தால், கன்னம் வீங்கிய பொன்னுக்குவீங்கிப் பிள்ளைக்கும் அமைலேஸ் ஏறியிருக்கும். அப்படியொரு பிள்ளை வயிற்றுவலி என்று சொன்னால் வார்ட்டில் குழப்பம் வரும். முடிவுத்தாளோடு அவரே நேரில் போய், பிள்ளையின் கன்னத்தைக் கொஞ்சம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வருவார்.

ஆனால் தோட்டங்களில் அமைலேஸுக்கு இருந்த பெரிய சிக்கல் வேறு. அது சில மணி நேரத்தில் ஏறி, மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இறங்கிவிடும். தோட்டத்து நோயாளி ஆய்வுகூடத்தை வந்தடைய அவ்வளவு நாள் ஆகிவிடும். முதல் நாள் இஞ்சி போட்ட தேத்தண்ணியும் ஓமமும். இரண்டாம் நாள் தோட்டத்து மருந்துச் சாலையில் வாயுக்கு மருந்து. மூன்றாம் நாள் பிரதேச வைத்தியசாலை. மழைக்காலமாக இருந்து பாதையில் மண் சரிந்திருந்தால், பதுளைக்கு வர நான்காவது நாளும் கழிந்துவிடும். அப்படி வந்த ஒரு கவ்வாத்துக்காரருக்கு அமைலேஸ் இயல்பாக இருந்தது. குடற்புண்ணாக இருக்கும் என்ற பக்கம் வார்ட்டு சாய்ந்துகொண்டிருந்தது. வலி வந்து நான்கு நாள் ஆயிற்று என்பதை அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். இரத்தத்தில் இறங்கிய பின்னும் சிறுநீரில் அமைலேஸ் சில நாள் தங்கும் என்பதால், சிறுநீரை அனுப்பச் சொன்னார். அயடீன் நிறமே இல்லாமல் வெளுத்தது. இன்றைக்கு லைபேஸ் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அது ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே நிற்கும். பிந்தி வரும் தோட்டத்துச் சனங்களுக்கு நடந்த பெரிய நன்மைகளில் ஒன்றாக அவர் அதைச் சொல்கிறார்.

வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் கணைய அழற்சியில் எந்த இரத்த முடிவையும் படிக்க முடியாது என்பதே அவர் இத்தனை காலத்தில் கண்ட உண்மை. எண் எவ்வளவு என்பதோடு, நோயின் எத்தனையாவது மணியில் எடுத்த இரத்தம் என்பதும் தெரிந்தாக வேண்டும். பரிசோதனைத் தாளில் இரத்தம் எடுத்த நேரத்துக்கு இடம் இருந்தது. வலி தொடங்கிய நேரத்துக்கு இல்லை. அவர் தாளின் ஓரத்தில் கோடு போட்டு அதை எழுத ஆரம்பித்தார்.

அதைக் கேட்டு வாங்குவது லேசான காரியமில்லை. "எப்ப இருந்து வலி?" என்று வார்ட்டில் கேட்டால், "முந்தாநாத்து இருந்துங்க சேர்" என்று பதில் வரும், கேட்டவர் இரண்டு நாள் என்று எழுதிக்கொள்வார். தோட்டத்தில் பிறந்தவருக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியும். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டிலிருந்து தொடங்குவார்.

"பெரட்டுக்குப் போகும்போது வலி இருந்துச்சாம்மா?"

"இல்லீங்கய்யா. பெரட்டுக்கு நல்லாத்தான் போனேன்."

"பகல் கொழுந்து நிறுத்தப்போ?"

"அப்பவும் இல்லீங்க. அந்திக் கொழுந்து நிறுக்கத் தூக்கிட்டுப் போறப்ப சுளீர்னு முதுகுக்கு ஏறிச்சு. கூடைய அங்கனயே வச்சிட்டேன்."

இப்போது மணி கையில் கிடைத்துவிட்டது: முந்தாநாள் மாலை நான்கரை, முன்பின். தோட்டத்தில் சங்கும் நிறுவையும் சனங்களின் நாளை வெட்டிப் பிரித்து வைத்திருக்கின்றன; அந்த வெட்டுகளைப் பிடித்துக் கேட்டால் யாருக்கும் நேரம் மறப்பதில்லை. சிங்கள மொழி வைத்தியர்களும், கொழும்பிலிருந்து வந்த தமிழ் வைத்தியர்களும்கூட இந்த வார்த்தைகளை அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

இந்த மணிக்கணக்கின் அருமை புரிய 1974க்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜோன் ரான்சன் தன் குழுவோடு 11 குறிகளை வெளியிட்டார். சேர்க்கும்போது பார்க்க வேண்டியவை ஐந்து: வயது, வெள்ளணு, குளுக்கோஸ், எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. அடுத்த 48 மணி நேரத்தில் பார்க்க வேண்டியவை ஆறு. யூரியா ஏறுவதும், கல்சியம் இறங்குவதும், இரத்தத்தின் ஒட்சிசன் குறைவதும் அவற்றில் அடங்கும். மூன்று குறிகளோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஆபத்து. கிளாஸ்கோவில் கிளெமென்ட் இம்ரியும் அவருடன் வேலை செய்தவர்களும் பின்னாளில் அதை எட்டாகச் சுருக்கினார்கள்.

ஊவா மலையில் அந்தப் பட்டியல் பாதியில் நின்றது. ஒட்சிசன் அளவுக்கு நாடியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்க்கும் இயந்திரம் சிறிய ஆஸ்பத்திரிகளில் இல்லை. எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. இரண்டையும் பாதை கெடுத்தது. குழிப்பாதையில் லொறியிலோ பஸ்ஸிலோ குலுங்கி வந்த குழாயில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கும். உடைந்த அணுவுக்குள்ளிருந்து இந்த இரண்டு நொதிகளும் சீரத்தில் கலந்துவிடும். நோயாளியின் உடம்பில் இல்லாத ஆபத்தைக் குழாய் காட்டும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த இரண்டையும் அவர் செய்யவே மாட்டார். "இரத்தம் உடைந்துள்ளது, மீண்டும் அனுப்பவும்" என்று எழுதித் திருப்பிவிடுவார். குளுக்கோஸில் தவறு எதிர்ப்பக்கம் போகும். புளோரைட் போடாத குழாயில் மணிக்கணக்காகக் கிடக்கும் இரத்தத்தில் அணுக்களே சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துவிடும்.

கல்சியத்தை அவர் மிகவும் நம்பினார், ஒரு நிபந்தனையோடு. கணையத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை லைபேஸ் சிதைக்க, வெளிவரும் கொழுப்பமிலங்கள் கல்சியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். அதனால் கல்சியம் விழுவது உள்ளே எவ்வளவு சிதைகிறது என்பதற்கு ஓர் அடையாளம். ஆனால் இரத்தக் கல்சியத்தில் ஏறக்குறைய பாதி அல்புமினோடு ஒட்டியே ஓடுகிறது. சத்துக் குறைந்த உடம்பில் அல்புமின் குறைவு. கல்சியமும் நோயில்லாமலே குறைவாகக் காட்டும். லயத்தில் வளர்ந்தவருக்கு இது புத்தகச் செய்தியல்ல. அல்புமின் செய்யாமல் கல்சியம் எண்ணை மட்டும் அவர் அனுப்பியதே இல்லை.

1990களில் சீ.ஆர்.பி. வந்தது. 1930இல் நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தில் டிலட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்த புரதம் அது. உடம்பில் எங்கே அழற்சி மூண்டாலும் ஈரல் அதை உற்பத்தி செய்து தள்ளும். கணைய அழற்சியில் வலி தொடங்கி 48 மணி நேரம் ஆகும்போது லீட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் நோய் கடுமையாகும் பக்கம் போகிறது என்று உலகெங்கும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஈரல் வேலையைத் தொடங்கி அந்தப் புரதம் உச்சத்துக்கு வர இரண்டு, மூன்று நாளாகும். வலி வந்த ஆறாவது மணியில் எடுத்த சீ.ஆர்.பி. 20 காட்டினால் ஆறுதல் கொள்ள அதில் ஒன்றுமில்லை. நான்காம் நாள் வந்தவரின் 160 உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணாகவும் இருக்கலாம்.

முதலில் கிடைத்தது இயந்திர முறை அல்ல, கண்ணாடித் தட்டில் லேட்டக்ஸ் துளி கலந்து திரிகிறதா என்று பார்க்கும் முறை. 6 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் திரியும். எவ்வளவு என்று அறிய இரட்டிப்பாக ஐதாக்கிக்கொண்டே போக வேண்டும்: 12, 24, 48, 96, 192. வைத்தியர்கள் கேட்கும் 150 இரண்டு படிகளுக்கு நடுவில் விழும். 96இல் திரிந்து 192இல் திரியாவிட்டால் இடைப்பட்ட இடத்தில் எங்கே நிற்கிறது என்று சொல்ல வழியில்லை. மறுநாள் இன்னொரு குழாய் கேட்பார். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. புரதம் மிதமிஞ்சிப் போனால் ஐதாக்காத துளி திரியாமலே இருந்துவிடும். மூச்சு வாங்கிக் கிடந்த ஒருவரின் தட்டு ஒருமுறை தெளிவாக இருந்தது. படுக்கையில் கிடப்பவரின் நிலைக்கும் தட்டுக்கும் பொருந்தவில்லை என்று கண்டு ஐதாக்கினார். 192ஐயும் தாண்டித் திரிந்தது. நோயாளியைப் போய்ப் பாராமல் தட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது எதிர்மறை முடிவாகவே போயிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு, எளிய ஆய்வுகூடத்துக்கு எது கைகொடுக்கும் என்று கேட்டால் அவர் யூரியாவைச் சொல்வார். 2008இல் அமெரிக்காவில் பெச்சியன் வூவும் மற்றவர்களும் 212 ஆஸ்பத்திரிகளின் 17,992 நோயாளிகளின் பதிவுகளை அலசி, பைசாப் என்ற ஐந்து குறி அளவுகோலை வெளியிட்டார்கள். யூரியா நைதரசன் 25 மில்லிகிராமுக்கு மேல், மனத்தெளிவு குறைதல், உடம்பு முழுதும் அழற்சி, 60க்கு மேல் வயது, நுரையீரலைச் சுற்றி நீர், இவ்வளவுதான். முதல் 24 மணி நேரத்திலேயே பார்த்துவிடலாம். ஒன்றும் இல்லாதவர்களில் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே, ஐந்தும் உள்ளவர்களில் இருபதுக்கும் மேலே. அதற்கடுத்து வந்த ஆய்வுகளில் வூ இன்னொன்றையும் காட்டினார்: சேர்த்த ஒரு நாளுக்குள் யூரியா ஏறினால் அந்த ஏற்றமே எச்சரிக்கை. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியேறி இரத்த ஓட்டம் குறைந்து, சிறுநீரகம் வாடத் தொடங்குவதை யூரியா முன்கூட்டியே காட்டிவிடுகிறது. முதல் எண்ணைவிட இரண்டாவது எண் முக்கியம் என்று ரத்தம் பாக்குற ஐயா வார்ட்டுகளில் வாதாடி வந்ததற்கு இது பெரிய துணையாக அமைந்தது.

அந்தத் துணையோடு ஒரு சிக்கலும் வந்தது. அமெரிக்கர்கள் யூரியாவில் உள்ள நைதரசனை மட்டும் எழுதுகிறார்கள். இங்கே சில ஆய்வுகூடங்கள் முழு யூரியாவை டெசிலீட்டருக்கு மில்லிகிராமில் எழுதும். சில லீட்டருக்கு மில்லிமோலில் எழுதும். பைசாப் சொல்லும் 25, முதல் கணக்கில் ஏறக்குறைய 54. இரண்டாவது கணக்கில் 9. தனியார் ஆய்வுகூடமொன்றின் தாளில் 42 என்றிருந்ததை நைதரசன் என்று நினைத்து, ஒரு தோட்டத்துத் தாத்தாவை அவசரமாக மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தார்கள். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: நைதரசன் 20க்குச் சற்றுக் கீழேதான். பயங்கரமானது இதற்கு எதிர்த்திசைத் தவறு. 9.5 என்ற சின்ன எண்ணைக் கண்டு, ஒன்றுமில்லை என்று கடந்துபோய்விடுவது. ஒரு சின்ன அட்டையில் மூன்று கணக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒவ்வொரு வார்ட்டு மேசையிலும் ஒட்டினார்.

ஹிமட்டோகிரிட் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறும். இரத்தத்தில் சிவப்பணு எத்தனை வீதம் என்ற கணக்கு அது. நீர் வெளியேறி இரத்தம் தடித்தால் அது ஏறும். 44ஐத் தாண்டுவது கெட்ட அறிகுறி என்று பொஸ்டனிலிருந்து வந்த ஆய்வுகள் சொல்லின. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்த 44 பொருந்தாது. இரத்தச்சோகை தோட்டத்தில் பரம்பரைச் சொத்துப்போல் தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. பித்தக்கல்லால் கணையம் அழன்று வந்த ஒரு பெண்ணின் ஹிமட்டோகிரிட் 37. புத்தகப்படி பயமில்லை. அவளுடைய புருஷனிடம் கிளினிக் கொப்பியை எடுத்துவரச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் பிள்ளைப்பேற்றுக் கிளினிக்கில் பார்த்த ஹீமோகுளோபின் 9; ஹிமட்டோகிரிட்டாகக் கணக்கிட்டால் 27 வரும். இரும்புச்சத்துக் குளிசை ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். 27 இருக்க வேண்டிய இடத்தில் 37 என்றால், இரத்தம் எவ்வளவு தடித்துவிட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். அதை எழுதி டிக்கட்டில் இணைத்தார். அன்றிரவே அவளைக் கண்காணிப்புக் கட்டிலுக்கு மாற்றினார்கள். மறுநாள் யூரியா ஏறியது, சிறுநீர் குறைந்தது. ஆனால் வைத்தியர்கள் முந்தியே விழித்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

காரணங்களும் காலத்தோடு மாறிவந்தன. ஆரம்ப காலத்தில் வட்டப்புழுவைக் கண்டிருக்கிறார். குடலிலிருந்து மேலேறிக் கணையக்குழாயின் வாயை அடைத்துவிடும். காஷ்மீரில் மொஹமட் குரூ இந்தப் புழுவால் வரும் தொல்லைகளை 500 நோயாளிகளில் ஆராய்ந்து 1990இல் லான்செட்டில் எழுதியபோது, தோட்டத்து வைத்தியர்கள் பலர் தங்கள் வார்ட்டைப் பற்றியே படிப்பதாக உணர்ந்தார்கள். 1990களில் தோட்டங்களில் தொடங்கிய புழு மருந்து வேலைத்திட்டங்களுக்குப் பின் அது அருகிப்போனது. கசிப்பும் சாராயமும் மட்டும் அன்று போலவே இன்றும். புதிதாக வந்தது நீரிழிவும் கொழுப்பும். குழாயைச் சுழற்றி எடுத்தால் சீரம் பால் போல நிற்கும். ட்ரைகிளிசரைட்டு 1,000 மில்லிகிராமைத் தாண்டியிருக்கும். அந்தப் பால்நிறம் அமைலேஸ் முறையைக் குழப்பி, எண்ணை இயல்பாகக் காட்டிவிடும். ஐதாக்கிச் செய்தால் உண்மை வெளியே வரும்.

2022இல் நாடு கடனில் முறிந்தபோது ஆய்வுகூடங்களுக்கு இரசாயனங்கள் வருவது நின்றது. எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது என்று எல்லா இடத்திலும் கேள்வி. ஓய்வுபெறும் காலத்தை நெருங்கியிருந்த அவர், கணைய அழற்சிக்கு ஒரு குறைந்தபட்சப் பட்டியல் எழுதிக்கொடுத்தார். அமைலேஸோ லைபேஸோ, ஏதாவது ஒன்று, ஒரே ஒரு தடவை. அதைத் தினமும் கேட்டு வீணாக்க வேண்டாம். மிச்சப்படுவதை யூரியா, ஹிமட்டோகிரிட், குளுக்கோஸ், கல்சியத்துக்குச் செலவழித்து, அவற்றை மறுநாளும் பாருங்கள். சீ.ஆர்.பி. வலி தொடங்கிய 48ஆவது மணிக்கு ஒன்று போதும். பஞ்சத்தில் எழுதிய பட்டியல்தான். ஆனால் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் இதையே செய்யலாம் என்பது அவர் துணிபு.

புதிய குறிகளை அவர் வெறுப்பவர் இல்லை. மான்செஸ்டரில் அஜித் சிறிவர்தன தலைமையில் 260 நோயாளிகளில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், புரோகல்சிடோனின் என்ற இரத்தக் குறியைப் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தபோது அதன் பாவனை 63 வீதத்திலிருந்து 45 வீதமாகக் குறைந்தது. மருந்து வீணாகாத எதையும் அவர் வரவேற்கிறார். அதே ஆண்டில் ஸ்பானியர்கள் முன்னின்று நடத்திய வோட்டர்ஃபோல் ஆய்வு, முதல் நாளில் அளவுக்கு மீறிச் சேலைன் ஏற்றுவதால் நன்மையில்லை, உடம்பில் நீர் மிதமிஞ்சும் ஆபத்துத்தான் கூடுகிறது என்று காட்டியது. யூரியா ஏறியதும் போத்தல் போத்தலாக ஏற்றிய பழைய வழக்கம் அதற்குப் பிறகு குறைந்திருக்கிறது. எண்ணைக் கண்டதும் பாயாமல், எண்ணுக்கும் நோயாளிக்கும் இடையே போய்வந்து பார்க்க வேண்டிய அவசியம் இன்னும் கூடிவிட்டது.

இப்போது இளையவர்களுக்கு அவர் வற்புறுத்திச் சொல்வது ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதி பற்றி. வலி தொடங்கிய இரண்டு நாளுக்குள் அது 150ஐத் தாண்டியிருந்தால் காரணம் பெரும்பாலும் பித்தக்கல். கல் என்றால், இலேசான நோயாளிக்கு அதே அனுமதியிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. நெதர்லாந்தில் 264 பேரில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், பிந்தி எடுத்தவர்களில் 17 வீதத்தினர் கல்லால் வந்த தொல்லைகளோடு திரும்பினார்கள். அதே அனுமதியில் எடுத்தவர்களில் 5 வீதத்தினர்தான். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ நாள் சம்பளத்தை விட்டு வரும் ஒரு பெண்ணிடம், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தால் அவள் வருவது சந்தேகம். அதனால் முதல் நாள் இரத்தத்திலேயே ஏ.எல்.டி.யைச் சேர்த்துச் செய்து, 150ஐத் தாண்டினால் சிவப்பில் வட்டமிட்டு, ஸ்கேனுக்குத் திகதி கேட்டு வார்ட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடச் சொல்கிறார்.